சிக்காகோச் சில்லியும் யாழ்ப்பாணக் கூழும்

உணவு உடலை வளர்ப்பது மாத்திரமன்று. ஒரு வீட்டில் யார் யார் ஒரே பந்தியில் அமரலாம் என்பதையும் அதுவே பல வேளைகளில் தீர்மானிக்கின்றது. இவ்வுண்மையை நூல்களிற் படித்திருந்தோமேயன்றி, எமது நுகேகொடை இல்லத்து அடுக்களையில் அதனைக் கண்கூடாகக் காணும் வாய்ப்பு அண்மையிலேதான் எமக்குக் கிட்டியது. கல்லூரியில் மாணவர்க்குப் பாடஞ் சொல்லும் நாம் சமையலைப் பற்றி எழுதப் புகுந்தமை நேயர்களுள் சிலர்க்கு நகைப்பை விளைவிக்கலாம். நடந்ததைச் சொன்னபின் நகைப்பது நன்று.

சிக்காகோ நகரப் பல்கலைக்கழகமொன்றில் உயர்கல்வி பயிலும் எமது தமக்கையாரின் புதல்வர் விடுமுறையில் வந்து எம்முடன் பத்து நாட்கள் தங்கினார். வந்த மூன்றாம் நாள், "மாமி, வாற ஞாயிற்றுக்கிழமை நான்தான் சமைக்கப்போறன். நீங்கள் எல்லாரும் இருந்து சாப்பிடுங்கோ" என்றார். வீட்டார் யாவரும் மகிழ்ந்தோம். என்ன சமைக்கப் போகின்றார் என்று வினவியபோது, மாட்டிறைச்சியிட்டுச் செய்யும் 'சில்லி' என்றார். அமெரிக்காவிற் கழித்த முதற் குளிர்காலத்தில், பனி கொட்டிய ஓர் இரவில், ஊர் நினைவு மேலிட்டு உறக்கமின்றித் தவித்தபோது அறைத்தோழர் ஒருவர் ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்த அவ்வுணவே தம்மைத் தேற்றியது என்றும், அதனை எமக்குத் தம் கையாலே சமைத்தளிக்க வேண்டுமென்று அன்றே எண்ணிக்கொண்டதாகவும் கூறினார்.

அடுக்களையிற் சிறிது நேரம் பேச்சில்லை. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இடம்பெயர்வின் பின்னர் யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்புக்கு வந்த எமது அன்னையார், தந்தையார் காலமான நாள் முதல் மச்சம் தீண்டாதவர். எம்மவரிற் பலர் மீன் உண்பரேனும், ஆவினைத் தாயெனப் போற்றும் மரபினால், மாட்டிறைச்சி எமது வாசற்படியைக் கடந்ததில்லை. மருமகனும் இதனை அறியாதவரல்லர்; மூன்றாண்டுப் பிரிவில் மறந்துவிட்டார். நினைவு வந்ததும் அவர் முகம் வாடிற்று. கொல்லைப்புறத்தில் வேறு அடுப்பு மூட்டலாம் என்றார் எமது மனைவியார். உணவு விடுதியொன்றுக்குச் சென்று உண்ணலாமே என்றோம் நாம். முதல் யோசனை அன்னையாரைத் தனித்திருத்துவது. இரண்டாவது, பிள்ளையின் ஆசையைத் தட்டிக் கழிப்பது. இரண்டும் எமக்கே உவப்பாயில்லை.

அப்பொழுது அன்னையார்தாம் கேட்டார்: "அதுக்குள்ள என்னென்ன போடுவாய், ராசா?"

"செத்தல் மிளகாய் நிறைய, அம்மம்மா. வெங்காயம், உள்ளி, சீரகம், தக்காளி. சிலர் சிவப்புப் போஞ்சி விதையும் போடுவினம். பிறகு இறைச்சி. எல்லாம் ஒரே பானையில மணிக்கணக்கா அவியும். கடைசியில சோளமாவைக் கரைச்சு விட்டாத் தடிக்கும். கோப்பையில ஊத்திச் சுடச்சுடக் குடிக்கிறதுதான்."

"அது எங்கட கூழெல்லே!" என்றார் அன்னையார்.

இரு நாட்டு உணவும் ஒரு குடும்பமே

அன்னையாரின் அச்சொல் எம்மைச் சிந்திக்க வைத்தது. ஆராயுந்தோறும் அது வியக்கத்தக்க உண்மையென்றே புலப்பட்டது.

'சில்லி கொன் கார்னே' என்னும் ஸ்பானிய மொழித் தொடருக்கு 'இறைச்சியோடு கூடிய மிளகாய்' என்பது பொருள். இங்கு மிளகாயே தலைமை பெறுவதையும், இறைச்சி அதற்குத் துணையாக வருவதையும் நேயர்கள் கவனித்தல் வேண்டும். இவ்வுணவு டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்ரோனியோ நகரிற் புகழ் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அந்நகரத்துச் சதுக்கங்களில் மாலை வேளையில் மெக்சிக்க இனப் பெண்கள் விறகடுப்பு மூட்டி, பெரும் பானைகளில் இதனைக் காய்ச்சி, ஏழைத் தொழிலாளருக்கும் வழிப்போக்கருக்கும் சில காசுக்கு விற்றனர். 'சில்லி ராணிகள்' என்று அவர்கள் அழைக்கப்பட்டனர். 1893 ஆம் ஆண்டு சிக்காகோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் சான் அன்ரோனியோச் சில்லிக்கென ஒரு விற்பனைக் கூடமே இருந்தது. அதே கண்காட்சியை ஒட்டிக் கூட்டப்பெற்ற சர்வமத மகாநாட்டிலேதான் சுவாமி விவேகானந்தர் உரையாற்றினார் என்பதை நேயர்கள் அறிவர். சைவ வீட்டில் இவ்வுணவைப் பற்றிப் பேச்செழுந்த வேளையில் இப்பொருத்தம் எமது நினைவுக்கு வந்தது.

1930களிலே சுகாதார விதிகளைக் காரணங்காட்டி நகராட்சியினர் சில்லி ராணிகளைச் சதுக்கங்களினின்றும் அகற்றினர். ஆயினும் அவர்களது உணவு அழியவில்லை. 1977 ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலம் அதனைத் தனது மாநில உணவாகவே அறிவித்தது. சில்லியில் போஞ்சி விதை இடுதல் தகுமா தகாதா என்று அந்நாட்டார் இன்றும் சண்டையிடுவர் என்று மருமகன் சொன்னபோது அன்னையார் சிரித்தார். கூழுக்குள் இன்னது இடலாம், இன்னது ஆகாது என்பதில் யாழ்ப்பாணத்திலும் ஊருக்கு ஊர் வழக்கு வேறுதானே!

உப்பும் உறைப்பும் மிக்க ஒரே பானை, மலிவாகக் கிடைப்பன யாவும் அதனுள், இறுதியில் தடிப்பாக்க அந்தந்த மண்ணின் மா என்னும் இலக்கணம் இரண்டுக்கும் பொது. மெக்சிக்கருக்குச் சோளம் எதுவோ, அதுவே யாழ்ப்பாணத்தாருக்குப் பனை.

மிளகாய் வந்த வழி

மிளகாய் எமது நாட்டுப் பயிர் என்றே எம்மிற் பலர் எண்ணுகின்றோம். உண்மையில் அது மெக்சிக்கோ முதலிய அமெரிக்க நாடுகளுக்கே உரியது. 1492 இல் கொலம்பஸ் அக்கண்டத்தை அடையும்வரை ஆசியாவில் எவரும் மிளகாயைக் கண்டதில்லை. 1505 இல் போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை அடைந்தபோது கோட்டை இராச்சியத்திற் கறிக்குக் காரமூட்டியது மிளகே. அந்தக் கோட்டை எமது நுகேகொடைக்கு மிக அண்மையிலேயே உள்ளது. மிளகைப் போலக் காரமுள்ள காய் என்பதால் 'மிளகாய்' என்று தமிழர் அதற்குப் பெயரிட்டனர். இலங்கையின் சில பகுதிகளில் வழங்கும் 'கொச்சிக்காய்' என்னும் பெயர், கொச்சித் துறைமுகம் வழியாக வந்தமையாற் பெற்றது என்பர். எனவே சில்லியும் கூழும் உறவு கொண்டாடுவதில் வியப்பில்லை. இரண்டின் உறைப்பும் ஒரே தாய்நிலத்தினின்றும் வந்ததே.

ஒடியல் மாவின் சிறப்பு

கொழும்பிலே பிறந்து வளரும் பிள்ளைகளுக்காக ஒடியலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டியிருக்கின்றது. பனம்பழத்தின் கொட்டைகளைப் பாத்தியில் அடுக்கிப் புதைத்தால், சில மாதங்களில் அவை முளைத்து மண்ணுக்குள்ளே கிழங்கு விடும். அக்கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அவியாது பச்சையாகவே கிழித்து வெயிலிற் காயவைத்தால் ஒடியல். இவ்வொடியலை இடித்தெடுத்த மாவே பிட்டுக்கும் கூழுக்கும் உதவுவது.

ஒடியல் மாவில் இயல்பாகவே ஒருவிதக் கசப்பும் காறலும் உண்டு. ஆதலின் அதனைத் தண்ணீரில் ஊறவைத்து, மா அடியிற் படிந்தபின் மேல்நீரை வடித்து, மீண்டும் புதுநீர் விட்டுக் கழுவுதல் மரபு. பனையின் கசப்பு விளையாட்டுக்குரியதன்று. பனம்பழக் களியின் கசப்பை எமது அயலிலேயே அமைந்துள்ள ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் ஆராய்ந்துள்ளனர். மூத்தோர் கைக்கொண்ட கழுவும் வழக்கத்தை அவசரத்தின் பொருட்டுச் சுருக்குதல் கூடாது.

2006 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஏ-9 பாதை மூடப்பட்ட பின்னர் ஒடியல் மா கொழும்பில் அரும்பொருளாயிற்று. அக்காலத்தில் எமது வீட்டிற் கூழ்ப்பானையும் பரணுக்கு ஏறிவிட்டது. பாதை திறந்து பல ஆண்டுகளாகியும் அப்பானை இறங்கவில்லை. மீன் கூழ் காய்ச்சினால் அன்னையார் குடிப்பதில்லை. அவருக்கெனச் சிறு சட்டியில் வேறாகக் காய்ச்சினாலோ, "எனக்கொருத்திக்கு ஏன் இந்தக் கரைச்சல்?" என்று மறுத்துவிடுவார். கூழ் என்பது கூடியிருந்து குடிப்பது. ஒருவர் விலகியிருக்கக் காய்ச்சுவதில் யாருக்கும் மனம் செல்லவில்லை.

இதனை அறிந்த மருமகன், "மீன் இல்லாமலே காய்ச்சுவம், அம்மம்மா. ஒரே பானைதான்" என்றார். இறைச்சி தரும் கனதிக்கு ஈடாகத் தம் சில்லியினின்றும் சிவப்புப் போஞ்சி விதையை மாத்திரம் கூழுக்குள் இட அனுமதி கேட்டார். அன்னையார் சிறிது யோசித்து இசைந்தார். தக்காளியை மாத்திரம் அவர் ஏற்கவில்லை. "புளி இருக்க அது எதுக்கு?" என்றார்.

வேண்டிய பொருள்கள்

சனிக்கிழமை காலை வெள்ளவத்தைக்குச் சென்று, யாழ்ப்பாணப் பொருள்கள் விற்கும் கடையொன்றில் ஒடியல் மா வாங்கினோம். மரக்கறி வகைகள் தெல்கந்தைச் சந்தையிலே கிடைத்தன. எட்டுப் பேருக்கு நாம் கொண்ட அளவு பின்வருமாறு:

ஒடியல் மா 250 கிராம், புழுங்கலரிசி ஒரு பிடி, சிவப்புப் போஞ்சி விதை 200 கிராம், பலாக்கொட்டை 25, மரவள்ளிக்கிழங்கு 300 கிராம், பயற்றங்காய் 150 கிராம், முருங்கையிலை இரண்டு பிடி, செத்தல் மிளகாய் 15, மஞ்சள் ஒரு சிறு துண்டு, பழப்புளி ஒரு பெரிய தேசிக்காயளவு, தண்ணீர் ஏறத்தாழ மூன்று லீற்றர், உப்பு அளவாக.

காய்ச்சும் முறை

மாவை மூன்று முறை கழுவி, கடைசி முறை சிறிது நீருடன் கட்டியில்லாது கரைத்து வைத்துக்கொள்க. செத்தல் மிளகாயை வெறுஞ் சட்டியில் மணம் வருமளவும் மெல்ல வறுத்து, வெந்நீரில் ஊறவைத்து, மஞ்சளுடன் மைபோல அரைத்தெடுக்க. மிளகாயை வறுத்து ஊறவைத்து அரைப்பது மெக்சிக்கர் வழக்கம். அன்னையார் அதனைக் கண்டு, "நல்ல வாசம்" என்று ஒப்புக்கொண்டார். உறைப்புக் குறைவாக வேண்டுவோர் மிளகாயினுள்ளே விதைகள் ஒட்டியிருக்கும் வெண்ணிறத் தசையை நீக்குக. காரம் செறிந்திருப்பது அங்கேதான். விதையில் என்று எண்ணுவது தவறு.

பெரிய பானையில் நீரைக் கொதிக்கவிட்டு, முதலில் அரிசியையும் தோல் நீக்கிய பலாக்கொட்டையையும் இடுக. அவை அரைவேக்காடு வெந்தபின் சிறு துண்டுகளாக அரிந்த மரவள்ளிக்கிழங்கைச் சேர்த்து, மூடாமல் வேகவிடுக. மரவள்ளியில் இயற்கையாகவே ஒரு நச்சுப்பொருள் உண்டாதலின், அது ஆவியாய் வெளியேறத் திறந்த பானையே நன்று. அடுத்துப் பயற்றங்காயையும், தனியே அவித்துவைத்த போஞ்சி விதையையும் இடுக. எல்லாம் மெத்தென வெந்ததும் அரைத்த மிளகாயையும் புளிக்கரைசலையும் உப்பையும் சேர்க்க. பின்னர் தீயைக் குறைத்து, ஒரு கையால் மாக்கரைசலை ஊற்றிக்கொண்டே மறுகையாற் துழாவுக. இவ்வேளையில் அகப்பையை விட்டு அப்பால் நகர்தல் ஆகாது, நகர்ந்தால் அடிப்பிடிக்கும். பத்துப் பதினைந்து நிமிடங்களில் மா வெந்து கூழ் தடித்து மினுங்கும். இறக்குவதற்குச் சற்று முன்னர் முருங்கையிலையைத் தூவுக.

மீன் உண்போர், பயற்றங்காய் இடும் வேளையில் மீன்தலை, நண்டு, இறால் முதலியவற்றைச் சேர்ப்பர். யாழ்ப்பாணத்துக் கரையோர ஊர்களில் அதுவே பெருவழக்கு.

ஓர் எச்சரிக்கை

இனி ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். போஞ்சி விதையை இரவு முழுவதும் ஊறவைத்திருந்தமையால், அதனை நேரே பானையிலிட்டு மெல்லிய தீயில் வேகவைத்தாற் போதும் என்று மருமகன் எண்ணினார். அரைமணி நேரங் கழித்து அன்னையார் ஒரு விதையை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கிப் பார்த்து, "நடுவில இன்னும் பருக்கையா இருக்கு. வேற சட்டியில போட்டுக் கொதிக்கவை" என்றார். அத்தனையையும் கரண்டியால் அள்ளி வேறு சட்டிக்கு மாற்றி, புதுநீர் விட்டு மேலும் அரைமணி நேரம் தளதளவெனக் கொதிக்கவைத்தோம்.

பின்னர் படித்தறிந்தபோது உடல் சிலிர்த்தது. சிவப்புப் போஞ்சி விதையில் ஒருவகை நச்சுப் புரதம் உண்டு. நன்கு வேகாத விதைகள் நான்கைந்து வயிற்றுட் சென்றாலே கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாகக்கூடும். மெல்லிய சூட்டில் நெடுநேரம் வைத்திருப்பது அந்நஞ்சை அழிப்பதில்லை. சில வேளை மிகுவிக்கவும் கூடும். ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டி, புதுநீரில் முழுக்கொதிநிலையில் அரைமணி நேரம் அவிப்பதே பாதுகாப்பு. முதியவரும் குழந்தைகளும் உள்ள வீட்டார் இதனை மறத்தலாகாது. எமது அன்னையாருக்குப் புரதத்தின் பெயர் தெரியாது. அவருடைய விரல்களுக்குத் தெரிந்திருந்தது.

மாட்டிறைச்சி உண்ணும் இல்லத்தார்க்கு

இப்பத்திரிகையை வாசிப்போருள் மாட்டிறைச்சியை விலக்காத முஸ்லிம், கிறிஸ்தவ அன்பர்களும் பலராவர். ஒருவர் உண்பதை மற்றொருவர் இழித்துரைப்பது பண்பாடன்று. அவர்கள் பொருட்டு மருமகன் சொல்லிய முறையையும் இங்கே தருகின்றோம். ஒரு கிலோ கால்தசை இறைச்சியைப் பெருவிரல் நுனியளவு துண்டுகளாக்கி, ஈரம் துடைத்து, சிறிது சிறிதாகச் சூடான எண்ணெயிற் செந்நிறமாக வதக்கியெடுக்க வேண்டும். ஒரேயடியாக இட்டால் நீர்விட்டு அவியுமேயன்றிச் சிவக்காது. அதே எண்ணெயில் வெங்காயம், உள்ளி, சீரகம் வதக்கி, வறுத்தரைத்த மிளகாயையும் தக்காளியையும் சேர்த்து, இறைச்சியை மூழ்குமளவு நீரில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட வேண்டும். கால்தசையிலுள்ள கடினமான இழையங்கள் அந்நேரத்திலேதான் இளகிக் குழம்புக்குக் கொழுமையைத் தருகின்றன. அவசரப்பட்டால் இறைச்சி தோல்போலிருக்கும். இறக்குமுன் இரண்டு மேசைக்கரண்டி சோளமாவைக் கரைத்து விடலாம்.

பலாவிலையும் தேங்காய்ச் சொட்டும்

கூழைக் கிண்ணத்திற் கரண்டியிட்டு உண்பது அதன் சுவையைப் பாதியாக்கிவிடும். பனையோலைப் பிளாவுக்கு நுகேகொடையில் எங்கே போவது? பலாவிலைக்குக் குறைவில்லை. அடுத்த வீட்டுச் சிங்களப் பெருமாட்டியாரிடம் கேட்டோம். இருபது இலை வேண்டிய எமக்குக் கிளையொன்றையே முறித்துத் தந்தார். இலையைக் கூம்பாக மடித்து ஈர்க்கினாற் குத்தினால் அருமையான அகப்பை ஆயத்தம். அவருக்கு ஒரு பாத்திரத்திற் கூழ் அனுப்பினோம். மாலையில் அப்பாத்திரம் தயிரும் கித்துள் பாணியும் நிறைந்து திரும்பி வந்தது. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கலாகாது என்னும் வழக்கத்தில் இரு இனத்தாரும் ஒன்றே.

கூழுடன் தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொள்வது எமது முன்னோர் வழக்கம். மிளகாயின் எரிவைத் தரும் பொருள் நீரிற் கரையாது, கொழுப்பிற் கரையும் தன்மையது. எனவேதான் எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நாவின் எரிவு தணிவதில்லை. தேங்காயிலே கொழுப்பு உண்டு. நூல் படிக்காமலே அதனைக் கையிற் கொடுத்தார்கள் எம் பாட்டிமார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பகல் முற்றத்திற் பாய் விரித்து யாவரும் வட்டமாக அமர்ந்தோம். மருமகன் முதல் அகப்பையை அன்னையாரின் இலையில் வார்த்தார். அவர் உறிஞ்சிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உறைப்பினாலா என்று கேட்க எமக்கு மனம் வரவில்லை. பின்னர் இலையை மீண்டும் நீட்டினார். தந்தையார் மறைந்த பின்னர் எமது வீட்டார் யாவரும் ஒரே பானையிற் கூழ் குடித்தது அன்றுதான்.

மருமகன் திரும்பிச் சென்றபோது இரண்டு பொதி ஒடியல் மாவைக் கொண்டுசென்றார். சிக்காகோவில் அவர் என்ன உண்கின்றார் என்று நாம் கேட்பதில்லை, அன்னையாரும் கேட்டதில்லை. சென்ற மாதம் ஓரிரவு தொலைபேசியில் அழைத்தார். வெளியே பனி கொட்டுகின்றதென்றும், அறைத்தோழரும் வேறு நண்பரும் சுற்றியிருக்கக் கூழ் காய்ச்சியதாகவும், பலாவிலை இல்லாமையாற் காகிதக் குவளையிற் குடித்ததாகவும் சொன்னார்.

அன்னையார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "மாவை எத்தனை தரம் கழுவினனீ?"

"மூண்டு தரம், அம்மம்மா."

"அப்ப சரி" என்று சொல்லித் தொலைபேசியை எம்மிடம் தந்துவிட்டு உறங்கச் சென்றார்.